செக்: பிந்தி வந்த ஒரு திருத்தம்

2011 ஆம் ஆண்டு எங்கள் பாடசாலை மண்டபத்தில் நடந்த மீலாத் விழாவில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கியவை' என்பது தலைப்பு. அல்ஜிப்ரா, அல்கஹோல், கொட்டன் என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் வங்கியில் நாம் எழுதிக் கொடுக்கும் 'செக்'கும் அறபுச் சொல்தான், 'ஸக்' என்பதே ஆங்கிலேயர் வாயில் செக் ஆனது என்று முடித்தேன். நல்ல கைதட்டல். அடுத்த வருடம் பாடசாலை மலரில் அதையே கட்டுரையாகவும் எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் கோட்டத்தில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும் ஒரு பிள்ளையாவது அந்த வரியைச் சொல்லிவிடும். நடுவர் கதிரையில் இருந்து நானே நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன்.

விழா முடிந்த இரவு, இஷாத் தொழுகைக்குப் பின்னர், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பள்ளிவாசல் வெளியில் என்னைப் பிடித்தார். எனக்கும் கற்பித்தவர். "மகன், நல்லாப் பேசினீங்க. ஆனா அந்த செக் கதை அப்பிடி இல்ல" என்றார். நான் விடவில்லை. எங்கெங்கோ வாசித்ததையெல்லாம் ஆதாரமாக அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த நாள் ஒரு பையன் கையில் கனத்த அகராதி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரு துண்டு: "வாசிச்சிட்டு வாங்க, பொறகு கதைப்பம்."

வாசித்தேன். போய்க் கதைக்கத்தான் வெட்கமாக இருந்தது. 2016 இல் அவர் மௌத்தாகிவிட்டார். அகராதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சென்ற தவணை ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் கொப்பியை நீட்டிக்கொண்டு, "சேர், கொப்பி செக் பண்ணுறதும் பேங்க் செக்கும் செக் பொயின்டும் எல்லாம் ஒரே செக்கா?" என்று கேட்டான். தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். செக்கு ஆட்டுகிற செக்கையும் அவன் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அது மட்டும் நம்முடைய சொந்தச் சொல், இந்தக் கதையில் அதற்குப் பங்கில்லை. மற்ற மூன்றும் ஒன்றுதான் என்பதே ஆச்சரியம். அவனுக்கு வகுப்பில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பழைய கடனும் தீரட்டும்.

செக் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் பாரசீக மொழியின் 'ஷாஹ்'. அரசன் என்பது பொருள். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு சாகுல் ஹமீது இருப்பார். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் வருடாவருடம் கொடியேற்றப்படுவதும் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகத்தான். அந்தப் பெயரின் தலையில் இருக்கும் 'ஷாஹ்'தான் இது. ஷாஜஹான் என்ற பெயரிலும் இருப்பது அதுவே. ஆக, பாங்கில் கிழித்துக் கொடுக்கும் தாளும் கடற்கரைப் பள்ளிக் கொடியும் ஒரு சொல்லால் உறவு.

இந்த 'ஷாஹ்' மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பாரசீக மன்னன் தாரியூஸ், பெஹிஸ்தூன் என்ற மலைப்பாறையில் மூன்று மொழிகளில் தன் வெற்றிகளைச் செதுக்க வைத்தான். அதில் தன்னை 'அரசர்களின் அரசன்' என்று சொல்லிக்கொள்கிறான். அங்கே அவன் பயன்படுத்தும் 'க்ஷாயதிய' என்ற பழம் பாரசீகச் சொல்தான் காலப்போக்கில் தேய்ந்து 'ஷாஹ்' ஆயிற்று. சமஸ்கிருதத்தின் 'க்ஷத்ரிய' என்பதும் இதே வேரில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரன். அரசர்களின் அரசன் என்ற அந்தப் பட்டம் 'ஷாஹன்ஷாஹ்' என்று சுருங்கி, சாசானியர் காலத்தைக் கடந்து, 1979 இல் ஈரானை விட்டுப் போன முஹம்மத் ரிஸா பஹ்லவி வரை தொடர்ந்தது.

இந்தப் பட்டத்தைப் பற்றி ஸஹீஹுல் புஹாரியில் ஒரு செய்தி உண்டு. தன்னை 'மன்னர்களின் மன்னன்' என்று பெயரிட்டுக்கொள்பவனின் பெயரே அல்லாஹ்விடத்தில் மிக இழிவானது என்ற கருத்தில் வரும் நபிமொழி அது. அதை அறிவிக்கும் வரிசையில் உள்ள சுஃப்யான், அதன் விளக்கம் 'ஷாஹன் ஷாஹ்' என்று வேறொருவர் சொன்னதையும் சேர்த்தே சொல்லுகிறார். அறபு நூல் ஒன்றில், நபிமொழிக்குப் பக்கத்திலேயே, இந்தச் சொல் வந்து நிற்பதைக் கண்டபோது எனக்கு ஒருகணம் புல்லரித்தது.

அரசனின் பெயர் எப்படிக் கொப்பி பார்க்கிற வேலைக்கு வந்தது? நடுவில் இருப்பது ஒரு விளையாட்டு.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு அங்கங்கள் கொண்ட சேனை என்பதே பெயரின் பொருள். அது பாரசீகத்துக்குப் போய்ச் 'சத்ரங்' ஆயிற்று. முதலாம் குஸ்ரூ காலத்தில், அதாவது 531 க்கும் 579 க்கும் இடையில், இந்திய அரசன் ஒருவன் இந்த விளையாட்டைப் புதிர்போல அனுப்பிவைத்தான் என்று பஹ்லவி மொழி நூலொன்று கதை சொல்லும். கதை எவ்வளவு உண்மையோ, வந்த திசை சரிதான். ஏழாம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. அறபு நாவில் 'ச' ஒலி புரளாததால் சத்ரங் 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. பெயரை மாற்றிய அறபிகள் காய்களின் பெயர்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஷாஹ், அவனுடைய மந்திரி ஃபிர்ஸ், தேருக்கு ருஹ். யானையை அறபில் 'ஃபீல்' என்றார்கள்.

விளையாட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. எதிராளியின் அரசனைத் தாக்கும் நிலைக்கு ஒரு காயை நகர்த்தினால் வாயைத் திறந்து "ஷாஹ்!" என்று சொல்ல வேண்டும். உன் அரசனைப் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கை. நாம் இன்று 'செக்' என்று சொல்வது அந்தக் கூப்பாட்டைத்தான். அரசன் ஒடுங்கிப் போக வழியில்லாமல் நின்றால் "ஷாஹ் மாத்". இதற்கு 'அரசன் இறந்துவிட்டான்' என்று பொருள் சொல்வது வழக்கம். அறபில் 'மாத' என்றால் இறந்தான் என்பதால் வந்த மயக்கம் அது. பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்து, செய்வதறியாமல் நிற்பது. ஆட்டத்தின் விதியும் இதற்குத்தான் பொருந்துகிறது. சதுரங்கத்தில் எல்லாக் காயையும் வெட்டலாம், அரசனை வெட்ட முடியாது. அவன் திகைத்து நிற்கும் இடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

பக்தாதின் அப்பாஸிய அரண்மனையில் சதுரங்கம் பெரும் கலையாக வளர்ந்தது. அல் அத்லீ ஒன்பதாம் நூற்றாண்டில் அதைப் பற்றி நூலே எழுதினார். கலீஃபா முதவக்கில் முன்னிலையில் அவரை ராஸீ என்பவர் தோற்கடித்ததாகக் குறிப்பு உண்டு. அவருக்குப் பின்னர் வந்த அஸ்ஸூலீயின் பெயர் நூற்றாண்டுகளுக்குச் சதுரங்கத் திறமைக்கு உவமையாகவே நின்றது. இதைச் சொல்லும்போது மார்க்கத் தீர்ப்பு என்ன என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். சூது கலவாமலும் தொழுகை தவறாமலும் விளையாடினால் அது ஹராம் அல்ல, மக்ரூஹ் என்பதே நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. மற்ற மத்ஹபுகள் இதைவிடக் கடுமை. என் வாப்பாவும் கடுமைதான். சதுரங்கப் பலகை எங்கள் வீட்டுக்குள் வந்தது அவர் ஹஜ்ஜுக்குப் போயிருந்த நாற்பது நாட்களில்.

முஸ்லிம்களின் ஸ்பெயின் வழியாகவும் சிசிலி வழியாகவும் சதுரங்கம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பெயினின் வடக்கே உர்ஹேல் பிரபு தன் மரண சாசனத்தில் சதுரங்கக் காய்களைக் குறிப்பிடுகிறார். 1283 இல் செவில் நகரில் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் எழுதுவித்த விளையாட்டு நூலின் ஓவியங்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் எதிரெதிரே அமர்ந்து ஆடுகிறார்கள். அந்த முஸ்லிம்களை ஸ்பானியர் 'மோரோ' என்றனர். அதே சொல்லைப் போர்த்துக்கேயர் இங்கும் கொண்டுவந்து நமக்குச் சூட்டினார்கள். குடிசன மதிப்பீட்டின் ஆங்கிலப் படிவத்தில் நாம் இன்னும் 'மூர்' தான்.

சொல்லும் விளையாட்டோடு சேர்ந்து போனது. ஸ்பானியத்தில் யானைக்கு இன்றும் அறபியின் 'அல்ஃபில்'. லத்தீனில் ஷாஹ் 'ஸ்காக்குஸ்' ஆகியது. ஜேர்மனியில் 'ஷாஹ்' ஏறத்தாழ மாறவில்லை. பழைய பிரெஞ்சில் 'எஷெக்'. அதன் பன்மை ஆங்கிலத்துக்கு வந்து 'செஸ்' ஆயிற்று. ஒருமை 'செக்' ஆயிற்று. ஆக 'செஸ்' என்றால் அரசர்கள், 'செக்' என்றால் அரசன். பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சோசர், சதுரங்கம் ஆடும் விதியைப் பற்றிப் பாடும் இடத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். பிரெஞ்சில் இன்று 'எஷெக்' என்றால் தோல்வி. அரசனின் பெயரே தோல்விக்குப் பெயராயிற்று.

இனி நான் பிழைவிட்ட இடத்துக்கு வருகிறேன்.

ஆங்கில அரசின் திறைசேரிக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். சதுரங்கப் பலகைக்கான பழைய பிரெஞ்சுச் சொல்தான் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் திறைசேரியின் பொருளாளராயிருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல ஒரு நூல் எழுதியிருக்கிறார். (ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு அந்த வடிவமே பிடித்துப்போகும்.) ஏறத்தாழப் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட மேசை, சுற்றிவர நாலு விரல் உயர விளிம்பு, மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. கட்டங்களில் காசுகளை வைத்து நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். ஈஸ்டருக்கும் செப்டெம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்கும் மாவட்ட அதிகாரிகள் வரிக் கணக்கோடு அந்த மேசைக்கு முன் நிற்க வேண்டும். மாணவன் பெயர்க் காரணம் கேட்கிறான். பலகையின் தோற்றம் ஒரு காரணம், அங்கே பொருளாளருக்கும் மாவட்ட அதிகாரிக்கும் நடப்பதும் ஒரு போர்தான் என்பது இன்னொன்று என்று ஆசிரியர் விடை சொல்கிறார். வருட முடிவில் வலயக் கணக்காய்வுக்குப் பற்றுச்சீட்டுக் கோவையோடு போய் நின்ற அதிபர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

செக் என்பதற்குச் சரிபார்த்தல் என்ற பொருள் ஒரேயடியாக வரவில்லை. ஆட்டத்தில் அரசனைத் தாக்குதல் முதற்பொருள். தாக்கப்பட்டவன் நினைத்தபடி நகர முடியாது. ஆகவே தடுத்து நிறுத்துதல் என்றாயிற்று. அதிலிருந்து கட்டுப்படுத்துதல். கட்டுப்படுத்த வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பதினேழாம் நூற்றாண்டில் சரிபார்த்தல் என்ற பொருளும் நிலைத்துவிட்டது.

வங்கிச் செக் இந்தக் கடைசிப் பொருளிலிருந்துதான் வருகிறது. பணத்தைக் கொடு என்று வங்கிக்காரருக்கு எழுதும் தாள் லண்டனில் முன்பே இருந்தது. 1659 பெப்ரவரியில் 400 பவுணுக்கு எழுதப்பட்ட ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் அக்காலத்தில் அதற்குச் செக் என்ற பெயரில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணப் பத்திரங்களின் அடிக்கட்டைக்குத்தான் முதலில் செக் என்ற பெயர் வந்தது. கிழித்த துண்டையும் வைத்திருக்கும் கட்டையையும் பொருத்திப் பார்த்து மோசடியைப் பிடிக்கும் வழி அது. பின்னர் கட்டையின் பெயர் தாளுக்கு ஏறிற்று. அமெரிக்கர் இன்றும் சரிபார்த்தலுக்கும் வங்கித் தாளுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரித்தானியர் எக்ஸ்செக்கர் என்ற சொல்லைப் பார்த்து வங்கித் தாளுக்கு மட்டும் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அறபு வணிகரிடம் தாளோடு சேர்த்துப் பெயரையும் ஆங்கிலேயர் வாங்கியிருந்தால் பெயர் முதலில் தாளுக்கு வந்திருக்கும், அடிக்கட்டைக்கு அல்ல. அந்தப் பெரியவர் அகராதியில் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்த இடம் இதுதான். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பதைத் தவிர என் கையில் எதுவும் இருக்கவில்லை.

'ஸக்' பொய்யல்ல. அது நம்முடைய வரலாற்றில் பெரிய இடம் உள்ள சொல். மதீனாவில் மர்வானின் காலத்தில் மக்களுக்குத் தானிய உரிமைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருமுன்பே சீட்டை விற்கத் தொடங்கினார்கள். அபூஹுரைரா (ரழி) நேரே மர்வானிடம் போய், கைக்கு வராத உணவை விற்பதை நபிகளார் (ஸல்) தடுத்திருக்க நீர் இதை அனுமதிக்கிறீரா என்று தட்டிக்கேட்டார். மர்வான் அந்த விற்பனையைத் தடைசெய்தார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அந்தச் சீட்டுகளுக்கு அங்கே வரும் சொல் 'ஸிகாக்', ஸக் என்பதன் பன்மை. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், ஸஹாராவின் தெற்கு விளிம்பிலுள்ள அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனார் கடனுக்கான ஒரு 'ஸக்'கைத் தன் கண்ணால் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். இன்று உலகச் சந்தையில் விற்கப்படும் 'ஸுகூக்' பத்திரங்களும் இதே சொல்லின் பன்மைதான்.

இந்த 'ஸக்' கூட, பாரசீகத்தின் 'சக்' என்பதை அறபாக்கியது என்று அறபு அகராதிக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் மேடையில் அறபுக்கு எடுத்துக் கொடுத்த சொல் அறபுடையதும் அல்ல, ஆங்கிலத்துக்குப் போனதும் அல்ல. ஆனால் முஸ்லிம்கள் உண்மையில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன 'ஷாஹ்' ஆங்கிலத்தின் திறைசேரி, வங்கி, வகுப்பறை, துணிக்கடை எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்க, அதை விட்டுவிட்டு இல்லாத உறவொன்றைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

துணிக்கடை என்றேன். சதுரங்கப் பலகையைப் போன்ற கட்டம் போட்ட துணிக்கும் ஆங்கிலத்தில் செக். நாம் உடுத்தும் பளையகாட் சாரன் அந்த வகை. தமிழ்நாட்டின் பழவேற்காட்டிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். மலாய்க்காரரும் 'பெலேகாட்' என்றே சொல்கிறார்கள். மருதமுனைத் தறிகளில் கட்டச் சாரன் நெய்கிறவருக்குத் தான் நெய்வது பாரசீக அரசனின் பெயருள்ள கோலம் என்று சொன்னால் சிரிப்பார். சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்.

செக் பொயின்ட் எஞ்சியிருக்கிறது. அந்தப் பையன் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

2007 இல் நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் ஊருக்கு வருவேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏற வேண்டும். ஒருநாள் என் பையில், விடுதியில் விளையாட வாங்கிய சின்னச் சதுரங்கப் பெட்டி ஒன்று இருந்தது. கடமையில் இருந்தவர் அதைத் திறக்கச் சொன்னார். காய்களில் பெரியது அரசன். அதை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஏதும் இருக்கிறதா என்று. அடியைத் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்தார். அவர் முரடர் அல்ல. என்னைவிட இளையவர், வெயிலில் நின்று களைத்திருந்தார். மூடும் அவசரத்தில் ஒரு காலாள் மணலில் விழுந்துவிட்டது. பின்னால் வரிசை நின்றதால் குனிந்து தேடவில்லை. அந்தக் காய்க்குப் பதிலாக இன்று வரை ஒரு புளியங்கொட்டைதான் எங்கள் பலகையில் நிற்கிறது.

இந்தச் சொல்லின் வரலாறு அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்தக் காட்சியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. சாவடிகள் மெல்ல மெல்ல விலகின. 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு மீண்டும் வந்தன. இம்முறை வரிசையில் நம்மவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். அதே மாதம் 29 ஆம் திகதி முகத்திரை தடைசெய்யப்பட்டது. பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பெற்றோரே முறை வைத்து நின்று பிள்ளைகளின் பைகளைச் செக் பண்ணினார்கள். நானும் நின்றேன். ஒரு சின்னப் பிள்ளை தன் சோற்றுப் பெட்டியைத் தானே திறந்து காட்டிவிட்டு, "முட்டை மட்டுந்தான் சேர்" என்று சொன்னது. நான் பார்க்காமலே மூடிக் கொடுத்தேன்.

ஏழாம் தரத்துப் பையனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. கரும்பலகையில் 'ஷாஹ்' என்று எழுதி அம்புக்குறி போட்டு 'செக்' வரை கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்ப முதல் முதல் செக் பண்ணினது ராசாவத்தானா சேர்?" என்றான். ஓம் என்றேன். கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆறு எழுத்துப் பிழை இருந்தது.

இம்முறை கோட்டமட்டப் பேச்சுப் போட்டிக்கும் இரண்டு பிள்ளைகள் அந்த 'ஸக்' வரியோடு வந்தார்கள். புள்ளி குறைக்கவில்லை, பிழை என்னுடையது. போட்டி முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். பாடசாலை நூலகத்தில் உள்ள மலரிலும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். மற்றப் பிரதிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றனவோ, வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.